ஒரு ஆழாக்கு எத்தனை கிராம்?

தீபாவளிக்கு மைசூர்பாகு பண்ணித் தரேன்னு வகுப்புத் தோழர்கள்கிட்ட வாயை விட்டது என் தப்புதான். பலெர்மோவுக்கு படிக்க வந்து ரெண்டாவது தீபாவளி. முதல் தீபாவளிக்கு பாஸ்தா சாப்பிட்ட சோகம் இன்னும் போகலை. அதனால இந்தத் தடவை ஒரு வேகத்துல சொல்லிட்டேன்.

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா சொன்ன செய்முறை ஒரே வரி. "ஒரு ஆழாக்கு கடலை மாவு, ரெண்டு ஆழாக்கு சீனி, ரெண்டு ஆழாக்கு நெய். கை விடாம கிண்டணும், அவ்வளவுதாம்ல." இதுல என்ன கஷ்டம்?

கடலை மாவு இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு கிடைக்கும். பனெல்லேன்னு ஒண்ணு இருக்கு. கடலை மாவைத் தண்ணியில கிண்டி, ஆறவெச்சு, வில்லையா வெட்டி, எண்ணெயில பொரிச்சு, பன்னுக்குள்ள வெச்சுக் கொடுப்பாங்க. பலெர்மோக்காரங்களுக்கு அது நமக்கு பஜ்ஜி மாதிரி. பல்லரோ சந்தைக்குப் போய் "தூயே எத்தி" மாவு வாங்கினேன். எத்தோன்னா நூறு கிராம். இங்க சந்தையில யாரும் நூறு கிராம், இருநூறு கிராம்னு நீட்டி முழக்க மாட்டாங்க. ஒரு எத்தோ, ரெண்டு எத்திதான். நான் என் மூளையை உபயோகிச்சு ஆழாக்கை எல்லாம் எத்தியா மாத்தினேன். மாவு 200 கிராம், சீனி 400 கிராம், அரைக் கிலோ வெண்ணெயை உருக்கி எடுத்த நெய் ஏறக்குறைய 400 கிராம். ஒண்ணுக்கு ரெண்டுக்கு ரெண்டு. கணக்கு சரிதானே?

கணக்கு சரி, மைசூர்பாகு இல்லை. கிண்டக் கிண்ட மாவு உருண்டை உருண்டையா திரண்டு, கடைசியில தட்டுல கொட்டினப்போ சுவருக்குப் பூசுற சாந்து மாதிரி இருந்தது. தோழர்கள் நாகரிகமானவங்க. "இது உங்க ஊர் பனெல்லேவா?"ன்னு கேட்டுட்டு ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டாங்க :-(

மறுநாள், நான் வழக்கமா அரிசி வாங்குற கடையில புலம்பினேன். பல்லரோ பக்கம் ஈழத்தமிழர்கள் நிறைய இருக்காங்க. கடைக்கார அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. கேட்டுட்டு சிரிச்சார். "தம்பி, மாவும் சீனியும் ஒரே பாரமே? உங்கட அம்மா அளவைச் சொன்னவ, நீர் நிறையைப் போட்டிருக்கிறீர். நான் இங்க வரேக்க ஒரு ரின்பால் பேணியும் கொண்டுதான் வந்தனான். இண்டைக்கும் வீட்டில அதுதான் சுண்டு." அதாவது அவர் வீட்டுல இன்னிக்கும் அரிசி அளக்கிறது ஒரு பழைய கண்டென்ஸ்ட் மில்க் டின்னுல.

ஒரு வரியில சொல்லிட்டார் மனுஷன். முகத்தல் அளவை வேற, நிறுத்தல் அளவை வேற. சின்ன கிளாஸ்லயே படிச்சதுதான். சமையல்கட்டுக்கு வந்தா மறந்து போகுது.

சரி, தோத்துப் போனவன் சும்மா இருப்பானா? இந்த ஊர்க்காரங்க எப்பலேர்ந்து எல்லாத்தையும் கிராம்ல நிறுக்க ஆரம்பிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினப்போ கிடைச்சதுதான் இந்தப் பதிவு.

சிசிலி ரோமானியர் காலத்துலேர்ந்து கோதுமைக்குப் பேர் போன தீவு. நமக்கு தஞ்சாவூர் மாதிரி. இங்க கோதுமையை பல நூறு வருஷமா நிறுக்கலை, நம்ம ஊர் நெல் மாதிரியே அளந்திருக்காங்க. பெரிய அளவு சல்மா. ஒரு பொதி மிருகத்து மேல ஏத்துற சுமைன்னு அர்த்தம். 16 தூமொலோ சேர்ந்தது ஒரு சல்மா. அதுக்குக் கீழ மொந்தெல்லோ, கரொட்சோன்னு நாலு நாலா பிரிஞ்சு போகும்.

இதுல தூமொலோவை சிசிலிப் பேச்சுல தூம்மினுன்னு சொல்றாங்க. அரபு ஆட்சிக்காலத்துல வந்த வார்த்தை. அரபியில 'எட்டுல ஒண்ணு'ன்னு பொருள். இதைப் படிச்சதும் எனக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு. நம்ம வாய்பாட்டைப் பாருங்க:

5 செவிடு = 1 ஆழாக்கு
2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 நாழி (படி)
8 நாழி = 1 குறுணி (மரக்கால்)
12 மரக்கால் = 1 கலம்

படியில எட்டுல ஒண்ணு ஆழாக்கு. அளவு வேற வேறதான், ஆனா எட்டா மடிச்சுப் பிரிக்கிற புத்தி ஒண்ணுதான். பாதி, பாதியில பாதின்னு ரெண்டு ரெண்டா பிரிக்கிறது படிக்காதவங்களுக்கும் கண்ணாலயே முடியும். பத்தா பிரிக்கிறதுதான் கஷ்டம்.

இன்னொண்ணு. சிசிலியில எடைக்கு இருந்த பழைய பேர் ரோத்தலோ. சுமார் 793 கிராம். நூறு ரோத்தலோ ஒரு கந்தாரோ. ரெண்டுமே அரபு வார்த்தை. இதைக் கடைக்கார அண்ணன்கிட்ட சொன்னப்போ, "அட, எங்கட இறாத்தல்!" என்றார். ஆமாம், பவுண்டுக்கு நாம சொல்ற ராத்தலும் அதே அரபு வார்த்தைதான். இலங்கையில இன்னிக்கும் 450 கிராம் ரொட்டிக்கு ஒரு இறாத்தல் பாண்னுதான் பேரு. கந்தாரோவும் நம்ம குவிண்டாலும் கூட ஒரே வேர். வியாபாரிங்க போன கப்பல்ல வார்த்தையும் போயிருக்கு, பேரு மட்டும் ஒண்ணா, எடை மட்டும் ஊருக்கு ஊர் வேறயா.

அந்த 'ஊருக்கு ஊர் வேற'தான் பிரச்சனையே. சிசிலியில சல்மாவே ரெண்டு தினுசு இருந்தது. பொது சல்மா ஒண்ணு, அதைவிடப் பெரிய சல்மா ஒண்ணு. ஒரே பேர் சொல்லி வாங்கறவனுக்கும் விக்கறவனுக்கும் நடுவுல எவ்வளவு விளையாடலாம்னு யோசிச்சுப் பாருங்க. பாத்திரம் ஒரே அளவா இருந்தாலும் விளையாட்டு நிக்காது. தலைதட்டி அளக்கறதா, கோபுரமா குவிச்சு அளக்கறதா? மெதுவா சாய்க்கறதா, உயரத்துலேர்ந்து கொட்டறதா? உயரத்துலேர்ந்து கொட்டினா தானியம் இறுகி உட்கார்ந்து அதிகம் பிடிக்கும். அளக்கும்போது பாத்திரத்தைக் குலுக்கினாலும் அப்படித்தான். போலந்து நாட்டு வரலாற்று ஆசிரியர் விதோல்ட் கூலா, அளவைகளும் மனிதர்களும் பத்தி 1970-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். ஐரோப்பா முழுக்க நிலப்பிரபுக்கள் வரியை உயர்த்தாமலே, பாத்திரத்தைப் பெரிசாக்கி வசூலை எப்படி உயர்த்தினாங்கன்னு அதுல காட்டுறார். 1789-ல் பிரெஞ்சு மக்கள் ராஜாவுக்கு எழுதின குறைப் பட்டியல்கள்லயும் ஒரே அளவு வேணும்ங்கிற கோரிக்கை திரும்பத் திரும்ப வருது.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்தது.

ஆச்சி சின்ன வயசுல நடவுக்கும் அறுப்புக்கும் போனவ. கூலி நெல்லாதான். பண்ணை வீட்டுல ரெண்டு மரக்கால் இருக்குமாம். "குத்தகை நெல்லு வாங்கறதுக்கு ஒண்ணு, எங்களுக்கு அளக்கறதுக்கு ஒண்ணு. அளக்கறவன் கட்டைவிரலை உள்ள விட்டுத்தாம்ல அளப்பான். எட்டு மரக்காலுக்கு எட்டு கட்டைவிரலு. ஒரு வருசத்துக்கு எத்தனை கட்டைவிரலு நெல்லு போயிருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்லு, நீதான் படிக்கியே" என்பாள். நான் போட்டதே இல்லை. சிரிச்சுட்டு ஓடிடுவேன்.

அதே ஆச்சி, பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கொடுத்தா ஆழாக்குல கோபுரமா கொடுப்பா. திரும்பி வாங்கும்போது தலைதட்டித்தான் வாங்குவா. அம்மா கேட்டா, "குவிச்சு வாங்கி நான் எங்க கட்டிக்கிட்டு போகப்போறேன்" என்பாள். அந்தப் பித்தளை ஆழாக்கு இப்ப அம்மாகிட்ட இருக்கு. அடியில ஒரு பக்கம் சப்பி இருக்கும். என் மைசூர்பாகுக்கு அம்மா சொன்ன அளவு அந்த ஆழாக்கோட அளவுதான்.

சரி, சிசிலிக்கு வருவோம்.

பலெர்மோ கதீட்ரலுக்குள்ள போனா தரையில ஒரு நீளமான பித்தளைக் கோடு ஓடும். பக்கத்துல ராசிச் சின்னங்கள் பதிச்சிருக்கும். கூரையில ஒரு சின்ன ஓட்டை வழியா வர்ற வெயில், நண்பகல்ல அந்தக் கோட்டைத் தொடும். 1801-ல் இதைப் போட்டவர் ஜுசெப்பே பியாட்ஸி. பாதிரியார், கணக்கு வாத்தியார், வானியல்காரர். அரண்மனைக் கோபுரத்து மேல 1790-ல் வானாய்வு நிலையம் அமைச்சவர் இவர்தான். லண்டன்ல ராம்ஸ்டன் செஞ்சு கொடுத்த அஞ்சடி வட்டக் கருவியை வெச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியா நட்சத்திரங்களோட இடத்தை அளந்தார். 1801 ஜனவரி 1-ஆம் தேதி ராத்திரி, பட்டியல்ல இல்லாத ஒரு புள்ளி அவர் கண்ணுல பட்டது. அடுத்தடுத்த நாள் அது நகர்ந்தது. அதுதான் சீரிஸ், மனுஷன் கண்டுபிடிச்ச முதல் சிறுகோள். 2006-லேர்ந்து குறுங்கோள்னு பதவி உயர்வு. சீரிஸ்ங்கிறது ரோமானியர்களோட தானிய தேவதை பேரு, சிசிலிக்குக் காவல் தெய்வம்.

தானிய தேவதை பேரை வானத்துல வெச்ச மனுஷனுக்கு அடுத்து வந்த வேலை என்ன தெரியுமா? தானியம் அளக்கிற பாத்திரத்தைச் சரி பண்றது! அப்போ நேப்பிள்ஸ் நெப்போலியன் கைக்குப் போய், ராஜா பெர்டினாண்டு பலெர்மோவுல வந்து உட்கார்ந்திருந்தார். தீவு முழுக்க ஒரே அளவு வேணும்னு முடிவாச்சு. நட்சத்திரத்தை அளந்தவரை விட்டா யார் இருக்கா?

பியாட்ஸிக்கு ஒரு சுலப வழி இருந்தது. பிரெஞ்சுக்காரங்க 1795-லயே மீட்டர், லிட்டர், கிராம் எல்லாம் சட்டமாக்கிட்டாங்க. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணியோட எடை ஒரு கிராம்னு, நீளத்துலேர்ந்து முகத்தலுக்கும் முகத்தல்லேர்ந்து எடைக்கும் பாலம் போட்டாச்சு. அதை அப்படியே எடுத்துக்கலாம். ஆனா அவர் எடுக்கலை. ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேர்களை வெச்சுக்கிட்டே உள்ள இருக்கிற குழப்பத்தை மட்டும் கழட்டினார். சிசிலியோட நீள அளவு பல்மோ, அதாவது சாண். சுமார் 25.8 சென்டிமீட்டர். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரம் உள்ள பெட்டி எவ்வளவு பிடிக்குமோ அதுதான் ஒரு தூமொலோ. கணக்குப் போட்டுப் பாருங்க, 17.2 லிட்டர் வரும். 16 தூமொலோ ஒரு சல்மா, 275 லிட்டர். 1809-ல் சட்டம் வந்தது. 1812-ல் இந்த அளவைகளுக்குன்னே 'கோதிசே மெத்ரிகோ சீகுலோ'ங்கிற புத்தகத்தை வெளியிட்டார்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். விஷயம் இதுதான். அதுவரைக்கும் 'தூமொலோன்னா எவ்வளவு?'ன்னு கேட்டா, 'பிரபு வீட்டுல இருக்கிற பாத்திரம் அளவு'ங்கிறதுதான் பதில். அதுக்கப்புறம், சாண் கோல் வெச்சிருக்கிற எந்தத் தச்சனும் ஒரு பெட்டி அடிச்சு, பிரபுவோட பாத்திரம் சரியா தப்பான்னு சொல்லிடலாம். ராஜராஜன் காலத்துலயும் இந்தக் கவலை இருந்திருக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல நெல் கணக்கு வரும் இடங்கள்ல 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் அளந்தது, அது 'ராஜகேசரி'யோடு ஒத்தது என்று பேர் சொல்லியே எழுதியிருக்கும். வெறுமனே மரக்கால்னு எழுதினா எந்த மரக்கால்னு சண்டை வரும்னு தெரிஞ்சவங்க.

ஆனா பெட்டி சரியா இருந்தாலும் கொட்டுற கை அதே கைதானே? குவிக்கிற, குலுக்குற வேலை அப்படியேதான் இருக்கும். ஒரு சல்மா கோதுமை எவ்வளவு கிலோன்னு கேட்டா, காய்ஞ்ச நல்ல கோதுமையா இருந்தா 210-220 கிலோ இருக்கும்னு தோராயமாத்தான் சொல்ல முடியும். தராசு வந்தாத்தான் கையோட வேலை குறையும். இத்தாலி ஒரே நாடானதும் 1861-ல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது. முப்பது வருஷம் கழிச்சு, 1891-ல் பெல்லெக்ரினோ அர்தூஸி எழுதின புகழ்பெற்ற சமையல் புத்தகத்துல மாவும் வெண்ணெயும் கிராம்ல வந்துடுச்சு. இன்னிக்கு இத்தாலியில சமையலறைத் தராசு இல்லாத வீடு அபூர்வம். அமெரிக்காக்காரங்க மட்டும் கப்பை விடலை. அங்க 1896-ல் ஃபேனி ஃபார்மர் தன் புத்தகத்துல சொன்ன புதுமை, கப்பை கத்தியால தலைதட்டி அளங்கன்னுதான். எங்க ஆச்சிக்குத் தெரிஞ்சதுதான் :-)

இங்க விவசாயிங்க நிலத்தைப் பத்திப் பேசும்போது இன்னும் சல்மா, தூம்மினுன்னுதான் பேசுறாங்க. ஒரு சல்மா விதை விதைக்கிற நிலம் ஒரு சல்மா நிலம். எங்க திருநெல்வேலிப் பக்கம் கோட்டை விதைப்பாடுன்னு சொல்ற மாதிரியேதான்.

நம்ம நாட்டுல 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, 1958 அக்டோபர்லேர்ந்து கிலோ கடைகளுக்கு வர ஆரம்பிச்சது. வீசையும் பலமும் போச்சு. ஆனா படி போகலை. 1951-ல் வந்த மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' ஆழாக்குக் காலத்துப் புத்தகம்தானே, வீடுகள்ல அந்த அளவு அப்படியே இருந்தது. மேடையிலயும் இருந்தது. 1967 தேர்தல்ல அண்ணா ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொன்னப்போ சட்டப்படி ஊர் கிலோவுக்கு மாறியிருந்தது. கிலோன்னு சொல்லியிருந்தா வயித்துல தொட்டிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். ஜெயிச்சதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க.

அடுத்த வருஷம், 1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையில கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதுலேர்ந்து வளர்ந்த தகராறு, கீழ்வெண்மணியில 44 பேரை குடிசைக்குள்ள வெச்சு எரிச்சதுல போய் முடிஞ்சது. குழந்தைகள், பெண்கள்தான் அதிகம். அவங்க கேட்டது, அன்னன்னிக்கு அளந்து போடுற நெல்லுல கொஞ்சம் கூட. ஆழாக்கு, படி, மரக்கால்னு நான் வாய்பாடா ஒப்பிச்சது எல்லாம் அங்க ஒரு வீட்டோட ராத்திரிச் சோறு. ஆச்சி கட்டைவிரல் கணக்கு கேட்டப்போ நான் சிரிச்சுட்டு ஓடினது இப்ப உறுத்துது.

இந்த வாரம் அம்மாகிட்ட முழுக்கதையும் சொன்னேன். அம்மா பேசாம ஆச்சியோட ஆழாக்கை எடுத்துக்கிட்டு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட போயிட்டாங்க! அண்ணாச்சி மின்தராசுல வெச்சு, வெறும் ஆழாக்கோட எடையைக் கழிச்சு, ஒவ்வொண்ணா நிறுத்துக் கொடுத்திருக்கார். அந்த ஆழாக்கு கணக்கு இது:

தண்ணீர் - 190 கிராம் (அதாவது 190 மில்லி)
சலிச்ச கடலை மாவு, தலைதட்டி - 80 கிராம்
அதே மாவு, தட்டித் தட்டி நிரப்பினது - 105 கிராம்
சீனி - 160 கிராம்

நெய்யைக் கடைக்குத் தூக்கிட்டுப் போகலை. ஒரு மில்லி நெய் 0.91 கிராம், அதனால ஒரு ஆழாக்கு சுமார் 173 கிராம். ஆக அம்மா சொன்ன ஒண்ணுக்கு ரெண்டுக்கு ரெண்டு, எடையில 80-க்கு 320-க்கு 346. நான் 200 கிராம் மாவுக்கு 800 கிராம் சீனியும் 865 கிராம் நெய்யும் போட்டிருக்கணும். போட்டது அதுல பாதி. சாந்து வராம என்ன வரும்?

மூணாவது வரியைப் பாருங்க. அதே ஆழாக்கு, அதே மாவு, தட்டினதுக்கே 25 கிராம் வித்தியாசம். முழுசா முப்பது சதவீதம். நானூறு வருஷம் முன்னாடி ஒரு சிசிலி விவசாயியும், எங்க ஆச்சியும் தோத்தது இந்த முப்பது சதவீதத்துலதான்.

அதனால யாராவது 'ஒரு கப் எத்தனை கிராம்?'னு ஒரே எண் கேட்டா நம்பாதீங்க, ஒரே எண் சொன்னா அதையும் நம்பாதீங்க. எந்தப் பொருள், சலிச்சதா, தட்டினதான்னு கேளுங்க. முடிஞ்சா வீட்டுப் பாத்திரத்தைத் தண்ணியால நிரப்பி ஒரு தடவை நிறுத்து எழுதி வெச்சுக்கங்க. வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே அவங்க கையால அளந்த மாவையும் நிறுத்துடுங்க. தண்ணியை எப்ப வேணா நிறுக்கலாம், அவங்க கை அளவு அப்புறம் கிடைக்காது. ஆச்சி குவிச்ச கோபுரம் எத்தனை கிராம்னு எனக்கு இனி யார் சொல்வா?

ரெண்டாவது மைசூர்பாகு நேத்து பண்ணினேன். ஓட்டை ஓட்டையா, வாயில வெச்சா கரையுது. கடைக்கார அண்ணனுக்கு ரெண்டு துண்டு கொண்டு போய்க் கொடுத்தேன். "இப்ப சரி" என்றார். அதுக்கு மேல அவர் யாரையும் பாராட்டினதில்லை.

கொசுறு: பல்லரோவுல மாவு விக்கிற பெரியவர், தராசுல 200 சரியா வந்ததும் அதுக்கு மேல ஒரு சின்ன கரண்டி போட்டுத்தான் பையைக் கட்டுவார். அந்தக் கரண்டிக்குக் காசு கிடையாது. இதுக்கு இத்தாலியன்ல என்ன பேருன்னு கேட்டேன். ஜுன்தாவாம். தராசு வந்தும் கோபுரம் போகலை, ஆச்சி!